புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான். அறை குளிர்ந்தால் இரண்டு வயரைச் சேர்த்துவிடும், சூடு ஏறினால் பிரித்துவிடும். அதற்கென்று தனியாகக் கரண்ட் வேண்டாம். மிஞ்சிப்போனால் இரண்டு பேட்டரி. அந்த இடத்தில் இப்போது திரை, வைஃபை, ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார் என்று ஒரு குட்டிக் கணினியைக் கொண்டுபோய் மாட்டுகிறோம். அதற்கு நாள் முழுக்கத் தீனி வேண்டும். கனடா, அமெரிக்க வீடுகளில் தெர்மோஸ்டாட் மாற்றிய கையோடு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் தீனிப் பிரச்சினைதான். அடுத்தது, அமைக்கும்போது அவசரத்தில் தட்டிய ஒரு தவறான தெரிவு. சாதனமே பழுதாகி வருவது அபூர்வம். அதனால் திரும்பப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

இது ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடெங்கும் அனுப்பும் உலை), சென்ட்ரல் ஏசி, ஹீட் பம்ப் (ஏசி போலவே இயங்கி, சூடும் குளிரும் தரும் இயந்திரம்) ஆகியவற்றை 24 வோல்ட்டில் இயக்கும் வீடுகளுக்கான வழிமுறை. உங்கள் வீடு அந்த வகைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரிலிருந்து வருவது மெல்லிய பல வண்ண வயர்கள் என்றால் சரி. தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்கள், முனையில் முறுக்கிய பிளாஸ்டிக் மூடிகளோடு இருந்தால் அது பேஸ்போர்டு ஹீட்டருக்கான (சுவரோரம் தரையை ஒட்டி இருக்கும் மின்சார ஹீட்டர்) 240 வோல்ட் லைன். அதில் 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் மாட்டிய நொடியே கருகும், தீயும் பிடிக்கலாம். அதற்கென்றே மைசா, சினோப்பே போன்ற லைன் வோல்டேஜ் சாதனங்கள் இருக்கின்றன. இன்னொரு விதிவிலக்கு: ஃபர்னஸில் டெர்மினல்கள் (வயர் மாட்டும் முனைகள்) ஏ, பி, சி, டி என்றோ 1, 2, 3, 4 என்றோ குறிக்கப்பட்டிருந்து, வயர்களும் அங்கேதான் போகின்றன என்றால் அது ஃபர்னஸும் தெர்மோஸ்டாட்டும் தங்களுக்குள் தகவல் பரிமாறும் அமைப்பு. அதற்கு அந்தத் தயாரிப்பாளரின் தெர்மோஸ்டாட்தான் பொருந்தும். கடையில் வாங்கிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அப்படியே மாட்டினால் வேலை செய்யாது.

கையில் இருக்க வேண்டியவை: ஏசி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், இரு முனையும் உரித்த ஒரு சாண் வயர், 3 ஆம்பியரிலும் 5 ஆம்பியரிலும் இரண்டிரண்டு கார் ஃபியூஸ். பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றுமுன் எடுத்த ஃபோட்டோவும் வேண்டும். எடுக்கவில்லையென்றால் ஃபர்னஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் போர்டைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, மஞ்சள் ஒய், பச்சை ஜி, நீலம் சி என்பது வழக்கம்தானே தவிர சட்டமில்லை. அந்த வயர் எந்த எழுத்தில் மாட்டியிருக்கிறது என்பதே கணக்கு.

ஆர் என்பது 24 வோல்ட் வரும் வழி, சி அது திரும்பிப் போகும் வழி. டபிள்யூ சூடு, ஒய் கம்ப்ரஸர், ஜி விசிறி. ஓ/பி என்பது ஹீட் பம்பைச் சூட்டுக்கும் குளிருக்கும் இடையே மாற்றும் வால்வுக்கு.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

குற்றம் தெர்மோஸ்டாட்டிலா, வயரிலா, ஃபர்னஸிலா என்பதைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். பிரேக்கரை அணைத்துவிட்டு தெர்மோஸ்டாட்டை அதன் அடித்தட்டிலிருந்து இழுத்தெடுங்கள். ஆர் வயரையும் டபிள்யூ வயரையும் அடித்தட்டிலிருந்து கழற்றி, அந்த ஒரு சாண் வயரால் இரண்டையும் இணையுங்கள். மற்ற வயர்கள் எதிலும் படக்கூடாது. பிரேக்கரைப் போடுங்கள். காஸ் ஃபர்னஸ் என்றால் முதலில் புகை வெளியேற்றும் சின்ன மோட்டார் ஓடும், பிறகு இக்னைட்டர் சிவக்கும், தீ பிடிக்கும், அதன்பின் ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்தில் பெரிய விசிறி எழும். இவ்வளவும் வரிசையாக நடந்தால் ஃபர்னஸும் வயரும் நலம். பிழை தெர்மோஸ்டாட்டிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. நடக்காவிட்டால் இதே சோதனையை பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் போர்டின் டெர்மினல்களிலேயே செய்யுங்கள். அங்கே ஓடி, சுவரில் ஓடவில்லையென்றால் இடையில் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

ஆர்–ஜி இணைத்தால் விசிறி மட்டும் ஓட வேண்டும். ஆர், ஒய், ஜி மூன்றையும் சேர்த்தால் ஏசி ஓட வேண்டும். வெளியே கடும் குளிராக இருக்கும்போது ஏசியை இப்படிச் சோதிக்காதீர்கள், கம்ப்ரஸர் பழுதாகும். ஒவ்வொரு முறை இணைக்குமுன்னும் பிரேக்கர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 24 வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் ஆர் வயர் தவறிப்போய் சி வயரைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும்.

மாட்டியதிலிருந்தே திரை செத்துக் கிடக்கிறது

ஃபர்னஸின் கதவில் ஆரம்பியுங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அழுத்து சுவிட்ச் இருக்கும். கதவு முழுதாகப் பொருந்தாவிட்டால் அது மின்சாரத்தை வெட்டிவிடும். வயர் மாட்டக் கதவைத் திறந்தவர் மூடும்போது கீழ்ப்பக்கம் கால் அங்குலம் வெளியே நிற்க விட்டிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் மூடியதுபோலவே தெரியும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் சில வீடுகளில் அதோடு வேலை முடிந்தது. அடுத்து, ஃபர்னஸ் அருகிலோ பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைப்பிலோ உள்ள சுவிட்ச். விளக்கு சுவிட்ச் போலவே இருப்பதால் யாராவது அணைத்திருப்பார்கள்.

இரண்டும் சரியென்றால் ஃபியூஸ். ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் போர்டில் காரில் இருப்பது போன்ற தட்டையான பிளாஸ்டிக் ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். ஊதா நிறமென்றால் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பென்றால் 5. உருவிப் பாருங்கள், உள்ளே உள்ள உலோக வளைவு அறுந்திருந்தால், பிரேக்கரை அணைக்காமல் வயரை மாற்றியபோது ஆரும் சியும் உரசியிருக்கின்றன என்று பொருள். அதே ஆம்பியரில் புதியதைப் போடுங்கள். 3 போகிறதே என்று 5 போடுவது, போகிறதே என்று வெள்ளிக்காகிதம் சுற்றுவது இரண்டும் வேண்டாம். அடுத்த முறை போவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் நிற்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் வயர்கள் எல்லாவற்றையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது ஃபியூஸ் போகிறதோ அதில்தான் சிக்கல்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரைப் போர்டின் ஆருக்கும் சிக்கும் இடையில் வையுங்கள். 24 முதல் 28 வோல்ட் வர வேண்டும். அங்கே வந்து, சுவரில் வரவில்லையென்றால் வயர் அல்லது அதன் முனை. தெர்மோஸ்டாட் டெர்மினலுக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உரித்த நேரான செம்பு வேண்டும். கொக்கிபோல் வளைந்த பழைய முனை உள்ளே போகாது. குறைவாக உரித்தால் டெர்மினல் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு நிற்கும், இழுத்துப் பார்த்தாலும் கழன்று வராது, ஆனால் கரண்ட் போகாது. வளைந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள்.

ஆர்ஹெச் (சூட்டுக்கான ஆர்), ஆர்சி (குளிருக்கான ஆர்) என்று இரண்டு ஓட்டைகள் உள்ள மாடல்களில் ஒரே ஒரு ஆர் வயரை எதில் செருகுவது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. ஈகோபீயில் ஆர்சியில் செருக வேண்டும். நெஸ்ட்டின் லேர்னிங் தெர்மோஸ்டாட்டில் எதில் செருகினாலும் உள்ளேயே இணைத்துக்கொள்ளும். சுவரிலிருந்து ஆர்ஹெச், ஆர்சி என்று உண்மையிலேயே இரண்டு வயர்கள் வந்தால் வீட்டில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் குட்டி வயர் எங்கும் இருக்கக்கூடாது.

கோடைக்கு மட்டும் உரிய இன்னொரு காரணம் உண்டு. ஏசி வடிக்கும் நீர் போகும் குழாய் பாசி பிடித்து அடைத்தால், தட்டில் நீர் ஏறி மிதவை சுவிட்ச் ஒன்று மின்சாரத்தை வெட்டும். பல வீடுகளில் அது ஆர் வயரையே வெட்டுவதால் திரை மொத்தமாக அணைந்துவிடும். தெர்மோஸ்டாட் மாட்டிய அதே வாரத்தில் இது நடந்தால் பழி முழுக்க அதன் தலையில் விழும். ஃபர்னஸ் மேல் உள்ள தட்டில் நீர் நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு பேட்டரி குறைவு என்கிறது, வைஃபை போகிறது, அணைகிறது

இது சி வயர் இல்லாத நோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய வீடுகளில் சுவருக்கு ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்று நான்கே வயர்கள் வரும். திரும்பிப் போகும் வழி இல்லாததால் புதுச் சாதனம் ஒரு தந்திரம் செய்கிறது. ஏசி ஓடாத நேரத்தில் ஒய் வயர் வழியாக, வெளி யூனிட்டின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருள் ஊடே, சுருள் விழித்துக்கொள்ளாத அளவு மெல்லிய மின்னோட்டத்தைக் களவாக இழுத்துத் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. சில வீடுகளில் டபிள்யூ வழியாக. ரிலே பழைய ரகமாக இருக்கும்வரை இது ஓடும். எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃபர்னஸில் அந்தக் களவு மின்னோட்டமே ‘சூடு வேண்டும்’ என்ற அழைப்பாகத் தெரியலாம். அப்போது ரிலே கடகடவென்று அடிக்கும், விசிறி விட்டுவிட்டு விழிக்கும். ஒய் வழியில் எங்காவது பாதுகாப்பு சுவிட்ச் திறந்திருந்தால் களவுக்கும் வழியில்லை. பேட்டரி மெல்ல வடியும்.

நெஸ்ட்டில் தொழில்நுட்பத் தகவல் பக்கத்தில் பேட்டரி வோல்ட்டைப் பார்க்கலாம். 3.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்துவிடும். அவசரத்துக்கு முகப்பைக் கழற்றி யூஎஸ்பி வயரில் சில மணி நேரம் ஏற்றலாம். ஆனால் அது ஜுர மாத்திரை மட்டும்தான். 2016 ஜனவரியில், முந்தைய மாதம் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் இருந்த பிழை பேட்டரியைக் காலி செய்ததால் பல நெஸ்ட் வீடுகள் குளிர்காலத்தில் சூடின்றி நின்றன. பேட்டரியை நம்பும் சாதனத்தின் பலவீனம் அதில் நன்றாகத் தெரிந்தது.

தீர்வு, சி வயர். முதலில் சுவரைப் பாருங்கள். அடித்தட்டைக் கழற்றி கேபிளை அரை அங்குலம் வெளியே இழுத்தால், வெளி உறையைச் சுற்றிச் சுருட்டி விடப்பட்ட நீல வயரோ கறுப்பு வயரோ தென்படலாம். அப்படியொன்று இருந்தால் பாக்கியம். அதன் மறுமுனையை ஃபர்னஸில் கண்டுபிடித்து போர்டின் சியில் மாட்டுங்கள், இந்த முனையைத் தெர்மோஸ்டாட்டின் சியில்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபர்னஸ் போர்டின் சி டெர்மினலில் ஏற்கெனவே ஒரு வயர் இருக்கும். “அடடே, சி இருக்கிறதே!” என்று நினைத்துவிடுவார்கள். அந்த வயரை விரலால் தொட்டுப் பின்தொடருங்கள். பெரும்பாலும் அது சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே ஏசி யூனிட்டுக்குப் போகும். வெளி யூனிட்டுக்கு ஒய் ஒன்று, சி ஒன்று என இரண்டு வயர்கள் வேண்டும். அவற்றில் ஒன்றுதான் நீங்கள் பார்ப்பது. தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் கேபிள் வேறு. சியில் இரண்டு வயர்கள் சேர்ந்து மாட்டியிருக்கலாம், அதில் தவறில்லை.

மிச்ச வயர் இல்லையென்றால் மூன்று வழிகள். பெட்டியிலேயே வரும் அல்லது தனியாக விற்கும் அடாப்டரை ஃபர்னஸ் போர்டில் மாட்டி, இருக்கும் நான்கு வயர்களில் ஒன்றைச் சியாக்கிக்கொள்வது முதல் வழி. ஈகோபீயின் பவர் எக்ஸ்டெண்டர் கிட் அப்படிப்பட்டது. அதை மாட்டினால் சுவரில் வயர்கள் போக வேண்டிய டெர்மினல்கள் மாறும். ஃபர்னஸ் பக்கம் மட்டும் மாட்டிவிட்டுச் சுவரைப் பழையபடி விட்டால் திரை எரியாது. இரண்டாவது, ஜியைத் தியாகம் செய்வது: ஜி வயரை இரு முனையிலும் சிக்கு மாற்றி, ஃபர்னஸ் போர்டில் ஒய்க்கும் ஜிக்கும் இடையே ஒரு குட்டி வயர் போடுவது. ஏசி ஓடும்போது விசிறியும் ஓடும். சூட்டுக்கு காஸ் ஃபர்னஸ் தானே விசிறியை இயக்கிக்கொள்ளும். விசிறியைத் தனியாக ஓட்டும் வசதி மட்டும் போய்விடும். ஹீட் பம்ப் வீட்டில் இதைச் செய்யாதீர்கள். மூன்றாவது, புதுக் கேபிள் இழுப்பது. 18 கேஜில் ஐந்து வயர் கேபிள் போதும் என்றாலும் எட்டு வயர் கேபிளையே இழுத்துவிடுங்கள்; விலை வித்தியாசம் சொற்பம், நாளைக்கு ஹீட் பம்ப் வந்தால் மறுபடியும் சுவரைக் குடைய வேண்டாம்.

சுவர் பிளக்கில் செருகும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் விற்கிறார்கள். அதன் ஒரு காலை மட்டும் சியில் மாட்டிவிட்டு மற்றதைக் காற்றில் விட்டால் சுற்று முழுமையடையாது, ஒன்றும் நடக்காது. இரண்டு கால்களும் சேர வேண்டும். எங்கே சேர வேண்டும் என்பதை உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

சி வயர் இருந்தும் ஏசி கிளம்பும் நேரத்தில் மட்டும் திரை அணைந்து எழுகிறதா? டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது. வழக்கமாக இருப்பது 40 விஏ (வோல்ட்-ஆம்பியர்); 24 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1.6 ஆம்பியருக்குச் சற்று மேல். வெளி யூனிட்டின் ரிலே, ஹியூமிடிஃபையர், ஜோன் டேம்பர் (பகுதிவாரியாகக் காற்றைத் திறந்து மூடும் மடல்) எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. ஏசி கிளம்பும்போது ஆர்–சி வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். 20க்குக் கீழே விழுந்தால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொல்லுங்கள்.

குளிர் கேட்டால் சூடு வருகிறது

ஹீட் பம்ப் வீடுகளில் இது ஓ/பி அமைப்பு. வால்வுக்கு மின்சாரம் கொடுத்தால் குளிர் வரும் வகை ஓ. சூடு வரும் வகை பி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஓ. ரீம், ரூட் இரண்டும் பி. அமைப்புப் பக்கத்தில் ஓவைப் பியாக மாற்றுங்கள். வயரைத் தொட வேண்டாம். மாற்றியதும் கம்ப்ரஸர் உடனே கிளம்பாது. அதைப் பாதுகாக்க ஐந்து நிமிடக் காத்திருப்பு உண்டு. “இன்னும் ஓடவில்லையே” என்று அதற்குள் மறுபடி மாற்றினால் என்ன வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

பி என்று எழுதியிருப்பதையெல்லாம் ஓ/பியில் செருகிவிடவும் கூடாது. ட்ரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பழைய அமைப்புகள் சிலவற்றில் பி என்பது சி வயர். அதை ஓ/பியில் மாட்டினால், தெர்மோஸ்டாட் வால்வைத் திறக்கும் தருணத்தில் ஆர் நேராகச் சியைத் தொடும். ஃபியூஸ் காலி. அதே அமைப்பில் ஓ என்று தனி வயரும் இருந்தால் பி சிதான் என்று சந்தேகப்படுங்கள். ஃபர்னஸ் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பனிக்காலத்தில் ஹீட் பம்ப் சில நிமிடம் குளிர்ந்த காற்று விட்டு, வெளி யூனிட்டிலிருந்து ஆவி எழுந்தால் பயப்பட வேண்டாம், உறைபனியை உருக்குகிறது. ஹீட் பம்பின் சூடே ஃபர்னஸ் சூட்டுக்குப் பழகிய கைக்கு வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.

ஹீட் பம்பும் காஸ் ஃபர்னஸும் சேர்ந்த வீடென்றால் அமைப்பில் ஒன்று கட்டாயம்: இரண்டும் ஒரே நேரத்தில் ஓட அனுமதி இருக்கக்கூடாது. குளிர்சுருள் ஃபர்னஸுக்கு மேலே இருப்பதால், ஃபர்னஸின் சூடு சுருளில் அடித்து அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் நின்றுவிடும். ‘துணைச் சூடு’ எந்த வெளி வெப்பநிலைக்குக் கீழே வர வேண்டும் என்ற எண்ணையும் பாருங்கள். மின்சாரத்தில் சூடாகும் பட்டைகள் துணைச் சூடாக உள்ள வீட்டில் அந்த எண் அதிகமாக இருந்தால், மாதக் கடைசியில் பில் வந்துதான் பிழை தெரியும்.

விசிறி நிற்கவே மாட்டேன் என்கிறது

தெர்மோஸ்டாட்டில் விசிறி ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா, ‘ஆட்டோ’விலா என்று பாருங்கள். அடுத்து, மணிக்கு இத்தனை நிமிடம் விசிறி ஓட வேண்டும் என்ற தெரிவு. இரண்டும் சரியென்றால் பிரேக்கரை அணைத்து ஜி வயரைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றிவிட்டு, பிரேக்கரை மட்டும் திரும்பப் போடுங்கள். நின்றால் தெர்மோஸ்டாட்டின் பக்கம். அப்போதும் ஓடினால் ஃபர்னஸின் பக்கம்: ஜி வயர் எங்கோ ஆரைத் தொடுகிறது, போர்டின் ரிலே ஒட்டிக்கொண்டது, அல்லது ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் பாதுகாப்பு சுவிட்ச் விசிறியை விடாமல் ஓட்டுகிறது. மூன்றாவதுக்கு முதல் சந்தேகம் அழுக்கேறிய ஃபில்டர். சூடு நின்ற பிறகு இரண்டு, மூன்று நிமிடம் விசிறி ஓடுவது இயல்பு.

சூடு தொடங்கும் முதல் நிமிடம் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறதா? சூட்டின்போது விசிறியை யார் இயக்குவது என்ற கேள்விக்கு அமைப்பில் ‘தெர்மோஸ்டாட்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். காஸ் ஃபர்னஸுக்கு ‘ஃபர்னஸ்’ என்று மாற்றுங்கள்.

அடிக்கடி எழுந்து எழுந்து நிற்கிறது. அல்லது ‘சூடாக்குகிறது’ என்று காட்டியும் சூடு இல்லை

ஃபர்னஸ் நிற்கும் கணத்தில் திரையைப் பாருங்கள். ‘சூடாக்குகிறது’ என்ற குறி அணைந்த பிறகு ஃபர்னஸ் நின்றால், நிறுத்தியது தெர்மோஸ்டாட். குறி எரிந்துகொண்டே இருக்கும்போது நின்றால் ஃபர்னஸ் தானாக நிற்கிறது; தெர்மோஸ்டாட்டில் எதை மாற்றினாலும் பயனில்லை.

தெர்மோஸ்டாட் நிறுத்துகிறதென்றால், எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி தொடங்க வேண்டும் என்ற இடைவெளி மிகச் சிறியதாக இருக்கும். சில மாடல்களில் அது அரை ஃபாரன்ஹீட் டிகிரி. அரை செல்சியஸுக்கோ சற்று மேலேயோ ஏற்றுங்கள். மணிக்கு எத்தனை முறை என்று கேட்கும் மாடல்களில், 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள ஃபர்னஸுக்கும் வெந்நீர் அமைப்புக்கும் 3, பழைய ஃபர்னஸுக்கு 5, நீராவிக்கு 1 என்பது வழக்கம்.

ஃபர்னஸ் தானே நின்றால் போர்டில் சிமிட்டும் சின்ன விளக்கை எண்ணுங்கள். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பட்டியலில் அந்த எண்ணுக்கு விளக்கம் இருக்கும். கதவைத் திறந்தாலே மின்சாரம் போய்விடும் என்பதால் கதவிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாகவே எண்ணுங்கள். ‘பிரஷர் சுவிட்ச்’ என்று வந்தால் வெளியே போய்ப் பாருங்கள்: திறன்மிகு ஃபர்னஸின் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும், பனி கொட்டிய மறுநாள் அவை மூடியிருக்கலாம். கையால் ஒதுக்கிவிட்டால் ஃபர்னஸ் எழுந்துவிடும்.

காலை 6 மணிக்கு 21 டிகிரி என்று வைத்திருக்க, 5.15க்கே ஃபர்னஸ் எழுகிறதா? முன்கூட்டியே தொடங்கும் வசதி. பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடலாம்.

வெப்பநிலையைத் தவறாகக் காட்டுகிறது

மாட்டிய முதல் இரண்டு, மூன்று மணி நேரம் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உங்கள் கைச்சூடும் அதன் சொந்தச் சூடும் தணிய வேண்டும். அதன்பிறகும் இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் முகப்பைக் கழற்றி, வயர் வரும் ஓட்டைக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். ஆடினால் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று சென்சாரின் முதுகில் ஊதுகிறது. பழைய தெர்மோஸ்டாட்டுக்கும் அதே காற்று அடித்திருக்கும். அதன் முள்ளை யார் கவனித்தார்கள்? வயரைச் சுற்றி ஓட்டையை எலக்ட்ரீஷியன் புட்டி வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் டேப்.

வெயில் படும் சுவர், சமையலறை ஓரம், டிவிக்கு மேல், காற்று வரும் திறப்புக்கு எதிரே என்று மாட்டியிருந்தால் எந்தத் திருத்தமும் நிலைக்காது. உட்சுவரில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் சரியான இடம். எல்லாம் சரியாகியும் நிலையான வித்தியாசம் இருந்தால் மட்டும் அமைப்பில் கூட்டல் கழித்தல் போடுங்கள்.

தனி அறை சென்சார்கள் வாங்கியிருந்தால் எந்தெந்த சென்சாரின் சராசரி எடுக்கிறது என்று பாருங்கள். பேஸ்மென்ட்டில் வைத்த ஒன்று 17 காட்டினால் மாடியில் எல்லோரும் வெந்துபோவார்கள்.

தானாகவே டிகிரியை மாற்றுகிறது

பேய் ஒன்றுமில்லை. பழக்கத்தைக் கற்கும் மாடல், முதல் வாரத்தில் நீங்கள் அங்குமிங்கும் திருப்பிப் பார்த்ததையெல்லாம் ஒழுங்கான கால அட்டவணையாக எடுத்துக்கொண்டிருக்கும். அட்டவணையை அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள். நேர மண்டலம் தவறாக இருந்தால் இரவுக் குளிர் பகலில் வரும்.

ஃபோன் இருக்கும் இடத்தை வைத்து ‘வீட்டில் யாருமில்லை’ என்று தீர்மானிக்கும் வசதி தனிச் சிக்கல். ஆப்பில் பதிவான ஒரே ஃபோன் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் அவர் ஃபோனில் ஆப் இல்லை. தெர்மோஸ்டாட் இருக்கும் ஹாலுக்கும் அவர் அதிகம் வருவதில்லை. வீடு 17க்கு இறங்கிவிடும். அவரது ஃபோனையும் சேருங்கள், இல்லையேல் அந்த வசதியையே அணையுங்கள்.

ஒன்டாரியோவில் கோடை நாள் பிற்பகலில் ஏசி தானாகத் தளர்ந்தால், மாட்டும்போது மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஏசி சுமையைக் குறைக்கும் பீக் பெர்க்ஸ் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். 2023இல் தொடங்கிய திட்டம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வார நாட்களில், ஒரு பருவத்துக்குப் பத்து முறை வரை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் வரை டிகிரியைத் திட்டத்தை நடத்துவோர் மாற்றலாம். திரையிலேயே திருப்பி அன்றைக்கு விலகிக்கொள்ளவும் முடியும்.

வைஃபை மட்டும் ஒட்டவில்லை

பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் அமைக்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ அணைத்துப் பாருங்கள். பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்றிருந்தால் டபிள்யூபிஏ2வையும் சேர்த்து அனுமதியுங்கள். வைஃபை இல்லாவிட்டாலும் சூடும் குளிரும் ஓடும். ஃபோனிலிருந்து மாற்றத்தான் முடியாது. பழையதாக வாங்கிய நெஸ்ட் என்றால் பின்பக்கம் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 2011, 2012ஆம் ஆண்டு மாடல்களுக்கு 2025 அக்டோபர் 25 முதல் ஆப் வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. என்ன செய்தாலும் ஒட்டாது.

வெளியே −15, எதுவும் சரிவரவில்லை

பிரேக்கரை அணைத்துப் பழைய தெர்மோஸ்டாட்டை ஃபோட்டோவில் உள்ளபடி திரும்ப மாட்டுங்கள். அரை மணி நேர வேலை. ராத்திரி குளிராமல் தூங்கலாம். அடாப்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும், ஜியைச் சியாக்கியிருந்தால் அதையும் திருப்ப வேண்டும். இதற்காகவே புதியது ஒரு குளிர்காலம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். வட்ட வடிவப் பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் கண்ணாடிக் குப்பியில் பாதரசம் இருக்கும். அது அபாயக் கழிவு, குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது.

காஸ் வாடை வந்தாலோ கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அடித்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம், எல்லோரும் வெளியேறி வெளியிலிருந்து அவசர உதவியை அழையுங்கள். வயர் மாற்றுவது வீட்டுக்காரர் செய்யக்கூடியது. பர்னர், காஸ் வால்வு, புகைக்குழாய் பக்கம் போவது உரிமம் பெற்ற காஸ் டெக்னீஷியனின் வேலை. அவரை அழைக்கும்போது “தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். போர்டில் ஆர்–சி எத்தனை வோல்ட், சுவரில் எத்தனை, ஆர்–டபிள்யூ இணைத்தபோது ஃபர்னஸ் எதுவரை வந்தது, விளக்கு எத்தனை முறை சிமிட்டியது என்ற நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபர்னஸ் கதவில் ஒட்டிவிடுங்கள். வருகிறவர் அதிலிருந்தே தொடங்குவார்.